நோயறி சோதனையும் நம் கடமையும்



கோவிட்-19 என்னும் பெருந்தொற்று உலகை வாட்டிய காலத்தை நாம் அனைவரும் அறிவோம். 2020ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 25ஆம் நாள் நம் நாட்டில் முதல் நோயாளிகள் மூவர் கண்டறியப்பட்டனர். மார்ச் 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அதனைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக் கதவுகளும் அடைபட்டன. 2023 மே 5ஆம் நாள் உலகளாவிய நெருக்கடி நிலை முடிவுற்றதாக அந்நிறுவனம் அறிவித்தது. இன்று முதலாம் ஆண்டில் பயிலும் சிறுவர்களுக்கு இவையெல்லாம் பழங்கதை போலத் தோன்றலாம். ஆயினும், அக்காலம் புகட்டிய பாடங்களுள் ஒன்றை நாம் மறத்தல் ஆகாது.

நோயைக் கண்டறியும் சோதனை உலகில் இருந்தால் மட்டும் போதாது. அஃது ஏழை எளியவரின் கைக்கு எட்ட வேண்டும். எட்டிய பின்னர், அதனைச் செய்துகொள்ள அவர்தம் மனமும் ஒப்ப வேண்டும். இவ்விரண்டும் கூடினாலன்றிச் சோதனையால் பயன் விளையாது. இவ்வுண்மையைச் சற்று விரிவாகக் காண்போம்.

1. சோதனை என்பது யாது?

கோவிட் தொற்றிய ஒருவர், காய்ச்சலும் இருமலும் தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் முன்னரே பிறருக்கு நோயைப் பரப்பக்கூடும். சிலருக்கு அறிகுறி எதுவுமே தோன்றுவதில்லை. ஆகவே, "நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று ஒருவர் கூறுவதை மட்டும் கொண்டு அவருக்கு நோயில்லை எனத் துணிய இயலாது. இங்கேதான் சோதனை நமக்குத் துணை நிற்கிறது.

கோவிட் சோதனைகளுள் முதன்மையானவை இரண்டு. முதலாவது, பி.சி.ஆர். சோதனை. மூக்கிலிருந்தோ தொண்டையிலிருந்தோ பஞ்சுக் குச்சியால் எடுத்த சளியில் கிருமியின் மரபுப் பொருள் உள்ளதா என ஆய்வுக்கூடத்தில் காண்பர். மிகச் சிறிதளவே இருப்பினும், அதனைப் படியெடுத்துப் பெருக்கிக் கண்டுபிடித்துவிடலாம். இவ்வாறு பெருக்கும் முறையை 1983ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலார் கேரி முல்லிஸ் கண்டார்; 1993ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஒவ்வொரு சுற்றிலும் படிகள் இருமடங்காகும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். முப்பது சுற்று முடிந்தால் ஒரே ஒரு படி நூறு கோடிக்கும் மேலாகிவிடும். மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்து வியக்கலாம்.

இரண்டாவது, விரைவுச் சோதனை. இது கிருமியின் புரதத்தைத் தேடுகிறது. சிறு பலகை போன்ற கருவியில் சில சொட்டுகள் விட்டால் ஏறத்தாழ 15 நிமிடங்களில் விடை தெரியும். 'சி' என்னும் எழுத்தின் அருகில் மட்டும் கோடு தோன்றினால் தொற்றுக் காணப்படவில்லை என்பது பொருள். 'சி', 'டி' ஆகிய இரண்டின் அருகிலும் கோடு தோன்றினால் தொற்று உண்டு. 'சி' கோடு தோன்றாவிடில் அச்சோதனை செல்லாது. வேறு கருவி கொண்டு மீண்டும் செய்தல் வேண்டும். விரைவுச் சோதனை பி.சி.ஆர். அளவுக்கு நுட்பமானதன்று. ஆயினும், வீட்டிலேயே செய்யலாம், உடனே விடை அறியலாம் என்பன அதன் சிறப்புகள்.

ஒரு முறை தொற்றில்லை என்று வந்துவிட்டால் அச்சமின்றி எங்கும் திரியலாம் என எண்ணுவது தவறு. கிருமி உடலில் புகுந்து பெருகுவதற்குச் சில நாள் ஆகும். அதற்கு முன் சோதித்தால் அகப்படாது. 2020ஆம் ஆண்டு ஜூலையில் வெளிநாட்டிலிருந்து நம் நாடு திரும்பிய ஒருவருக்கு முதற் சோதனையில் தொற்றுக் காணப்படவில்லை. பின்னர்ச் செய்த சோதனையில் காணப்பட்டது. அவர் தனித்திருக்க வேண்டிய காலத்தில் வெளியே நடமாடியதால் பிறர்க்கும் நோய் பரவியது.

2. தோட்டங்களுக்குச் சோதனை புதியதன்று

நோயறி சோதனை நம் தோட்ட மக்களுக்குப் புதுமையானதன்று. நம் பாட்டன், பூட்டன் காலத்தில் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் எண்ணற்ற உயிர்களைக் கொள்ளை கொண்டது. 1880ஆம் ஆண்டு லவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அந்நோயின் கிருமியை மனித இரத்தத்தில் கண்டார். 1897ஆம் ஆண்டு இந்தியாவில் செகந்திராபாத் நகரில் ரொனால்ட் ரோஸ் அக்கிருமியைக் கொசுவின் உடலில் கண்டார். 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடித்துக் கொசுவை ஒழிக்கும் பணியைத் தொடங்கினார்.

எந்த இடத்தில் நோய் மிகுதி என்பதை அவர் எவ்வாறு அறிந்தார்? தோட்டத்துக் குழந்தைகளின் வயிற்றின் இடப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து அறிந்தார். மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கினால் மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரலுடைய குழந்தைகள் எந்த லயத்தில் மிகுதியோ, அதன் அருகில் கொசு வளரும் நீர்நிலை உண்டு என்பது தெளிவாகும். அதன் பின் செய்ய வேண்டியது, அந்நீரை வடிப்பதேயாகும்.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மண்ணீரல் வீங்கிய குழந்தையை எவரும் குற்றவாளியாகக் கருதவில்லை. சோதனை, நோய் தங்கிய இடத்தைக் காட்டிற்று, அவ்விடம் சீர்படுத்தப்பட்டது. சோதனையின் உண்மையான நோக்கம் இதுவே.

1967ஆம் ஆண்டு தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தின்கீழ், காய்ச்சல் கண்டவரின் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்பெருக்கியில் ஆராய்ந்தனர். இவ்வாறு ஊர் ஊராகவும் தோட்டம் தோட்டமாகவும் தேடிச் சென்ற உழைப்பு வீண்போகவில்லை. குரங்குகளிடமிருந்து தொற்றும் வகை நீங்கலாக, 2018ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் உள்நாட்டில் மலேரியாத் தொற்று ஏற்படாத நிலையை நம் நாடு எய்தியது.

3. சோதனை கைக்கு எட்டுதல்

சோதனை எட்டாமற் போவதற்குத் தொலைவு, விலை, நேரம், பற்றாக்குறை என்னும் நான்கும் காரணங்களாகும்.

தொலைவை வென்றதற்குத் தென்கொரியா நல்ல எடுத்துக்காட்டு. 2015ஆம் ஆண்டு மெர்ஸ் என்னும் நோய் அந்நாட்டில் 186 பேரைப் பற்றி 38 பேரின் உயிரைக் குடித்தது. அந்த அடியால் பாடம் கற்ற அந்நாட்டார், 2020 பிப்ரவரி 4ஆம் நாளே கோவிட் சோதனைக் கருவிக்கு அவசர ஒப்புதல் அளித்தனர். மருத்துவமனையில் கூட்டம் நெருங்காதிருக்கும் பொருட்டு, வாகனத்தில் அமர்ந்தபடியே சோதனை செய்துகொள்ளும் நிலையங்களைச் சாலையோரங்களில் அமைத்தனர்.

நம் நாட்டில் 2021 மே, ஜூன் திங்கள்களில் சிலாங்கூர் மாநில அரசு சட்டமன்றத் தொகுதிதோறும் சென்று இலவசச் சோதனை நடத்தியது. சிங்கப்பூரில் அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதி தொடங்கி, வீட்டுக்கு ஆறு விரைவுச் சோதனைக் கருவிகள் அஞ்சல்வழியே அனுப்பப்பட்டன. மக்கள் சோதனையை நாடிச் செல்வதை விடுத்து, சோதனை மக்களை நாடி வந்தது.

அடுத்தது விலை. 2021 ஜூலையில் நாமே செய்துகொள்ளும் சோதனைக் கருவிகள் நம் நாட்டில் முதன்முதலாக ஒப்புதல் பெற்றபோது, ஒன்றின் விலை 39 வெள்ளி 90 சென். ஐவர் கொண்ட குடும்பம் ஒரு முறை சோதிக்க 199 வெள்ளி 50 சென் வேண்டும். அந்நாளில் நகரங்களுக்கு வெளியே குறைந்தபட்சச் சம்பளம் திங்களுக்கு 1,100 வெள்ளி. அதில் ஆறில் ஒரு பங்குக்கும் மேலாக ஒரே ஒரு சோதனைக்குச் செலவாகிவிடும். இந்நிலையில் எந்தத் தாய்தான் அரிசியை விடுத்துக் கருவியை வாங்குவாள்? அதே ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதல் அரசு 19 வெள்ளி 90 சென் என உச்சவிலை விதித்தது. பின்னர்ப் பல நிறுவனங்கள் போட்டியிட்டதால் விலை மேலும் இறங்கியது. விலை இறங்க இறங்க, சோதனை எளியவர் இல்லங்களிலும் புகுந்தது.

மூன்றாவது நேரம். சோதனை நிலையம் காலை எட்டு மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்கு மூடுமாயின், விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்று பிற்பகலில் களைத்து வீடு திரும்பும் தொழிலாளி எப்போது செல்வார்? அந்தி வேளையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தோட்டத்துக்குள்ளேயே நடத்தப்படும் சோதனையே அவருக்கு உதவும்.

நான்காவது பற்றாக்குறை. சோதனைப் பொருள்கள் குறைவாக இருக்கும்போது ஓர் எளிய கணக்கு கைகொடுக்கும். 1943ஆம் ஆண்டு அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ராபர்ட் டோர்ப்மன் இதனை வெளியிட்டார். நூறு பேரைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவின் மாதிரிகளையும் ஒன்றாகக் கலந்து சோதித்தால் பத்துச் சோதனைகளே போதும். ஒரு குழுவில் மட்டும் நோய் தென்பட்டால், அக்குழுவினர் பத்துப் பேரைத் தனித்தனியே சோதிக்கலாம். ஆக, நூறு சோதனைகளுக்கு மாற்றாக இருபதே போதும். நோய் மிகப் பரவிவிட்ட இடத்தில் இம்முறை பயன் தாராது. குறைவாக உள்ள இடத்தில் பெரிதும் சிக்கனம் தரும். கோவிட் காலத்திலும் பல நாடுகள் இம்முறையைக் கையாண்டன.

4. மனம் ஒப்புதல்

கைக்கு எட்டிய சோதனையையும் மக்கள் சில வேளை மறுக்கின்றனர். அதனை அறியாமை என்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது நேர்மையாகாது. 2021ஆம் ஆண்டில் நம் பெற்றோருள் ஒரு தாயார் என்னிடம், "ஐயா, சோதித்துப் பார்த்து நோய் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், பத்து நாள் வேலைக்குப் போகக்கூடாது என்பார்கள். அந்தப் பத்து நாள் சம்பளத்தை யார் தருவார்கள்?" என்று கேட்டார். அவர் அறியாமையால் கேட்கவில்லை, கணக்கறிந்து கேட்டார். சோதனையை மறுப்பவர் பலர் அஞ்சுவது பஞ்சுக் குச்சிக்கு அன்று. விடை தெரிந்தபின் வரும் விளைவுகளுக்கே. அவ்விளைவுகள் மூன்று.

முதலாவது கூலி இழப்பு. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 28ஆம் நாள் முதல், தனித்திருக்குமாறு பணிக்கப்பட்ட குறைந்த வருமானமுடையோர்க்கு 500 பவுன் உதவித்தொகை வழங்கினர். நம் தீபகற்பத்தில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், மருத்துவச் சான்றிதழ் பெற்ற தொழிலாளிக்குச் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு அளிக்கிறது. பணியில் இரண்டாண்டு நிறையாதவர்க்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவர்க்கு 18 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவர்க்கு 22 நாள். மருத்துவமனையில் தங்க நேரின் 60 நாள் வரை உண்டு. இவ்வுரிமையை ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்து வைத்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது பழிச்சொல். "அந்த வீட்டில் நோய் இருக்கிறது" என்று லயம் முழுவதும் பேசப்படுமே என்னும் கூச்சம் பலரை வாய்மூட வைக்கிறது. 2020 மே திங்களில் தென்கொரியத் தலைநகர் சோல் நகரின் இத்தேவோன் பகுதிக் கேளிக்கை விடுதிகளில் தொற்றுப் பரவியது. அங்குச் சென்றவர்களைப் பலர் இழித்துப் பேசியதால், சென்றவர்கள் வெளிவர அஞ்சினர். சோல் நகராட்சி, பெயரைக் கூறாமல் தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்துச் சோதனை செய்துகொள்ள வழி செய்தது. சோதனைக்கு வந்தோர் தொகை விரைந்து உயர்ந்தது. நோயாளியின் மானத்தைக் காத்தால் ஊரின் நலத்தையும் காக்கலாம் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, பிடிபடுவோம் என்னும் அச்சம். 2020 மே 1ஆம் நாள் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நோய்க் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்த குடியிருப்புகளில் சோதனை முடிந்திருந்த வேளையில், ஆவணமற்ற அயல்நாட்டார் நூற்றுக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். இத்தகைய நடவடிக்கை அயல்நாட்டாரை ஒளிந்து வாழச் செய்துவிடும் என ஐக்கிய நாட்டு நிறுவனம் அப்போது எச்சரித்தது. அத்திங்களின் இறுதியில் குடிநுழைவுத் தடுப்பு முகாம்கள் சிலவற்றிலும் தொற்றுக் காணப்பட்டது. சட்டத்தை நிலைநாட்டுதல் அரசின் கடமை. அதனை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும், சோதனைக் கூடத்தின் வாயிலே பிடிபடும் வாயிலாகிவிட்டால், நோயாளி அவ்வாயிலை நாட மாட்டார். கிருமியோ கடப்பிதழைக் கேட்டுத் தொற்றுவதில்லை. இன்று நம் தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நம்மோடு உழைக்கின்றனர். அவர்கள் மறைத்த காய்ச்சல் நம் பிள்ளைகளையும் தொடும். நாம் மறைத்த காய்ச்சல் அவர்களையும் தொடும்.

2020 நவம்பரில் கிள்ளானில் இரப்பர்க் கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே பரவிய தெராத்தாய் தொற்றுத் திரளில் 5,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். உலகத்துத் தாதியரின் கைகளைக் காத்த கையுறைகளைச் செய்தவர்கள், நெருக்கமான விடுதிகளில் வாழ்ந்து தாமே நோயுற்றனர். சொக்சோவில் பதிவு பெற்ற அயல்நாட்டுத் தொழிலாளரின் சோதனைச் செலவை அந்நிறுவனம் ஏற்றது போற்றத்தக்கது. ஆயின், சோதனையோடு நல்ல உறைவிடமும் சேர வேண்டும் என்பதே கிள்ளான் தரும் பாடம்.

கட்டாயத்தினால் எல்லாரையும் சோதித்துவிடலாமே எனச் சிலர் கூறுவர். ஸ்லோவாக்கியா நாடு 2020 அக்டோபர் 31, நவம்பர் 1 ஆகிய இரு நாள்களில் ஏறத்தாழ 36 இலட்சம் மக்களைச் சோதித்து 38,000 பேருக்குத் தொற்றைக் கண்டது. சோதனைச் சான்றில்லாதவர் வேலைக்குச் செல்ல இயலாது. இஃது அரிய செயலே. ஆயினும் அடுத்துவந்த குளிர்காலத்தில் அந்நாட்டை நோய் மீண்டும் கடுமையாகத் தாக்கியது. ஒரு நாள் கட்டாயத்தினும் என்றும் நிலைக்கும் நம்பிக்கையே மேலானது.

5. நாம் செய்யத்தக்கவை

தோட்ட நிர்வாகத்தினர், சோதனையைத் தோட்டத்துக்குள் கொண்டுவரலாம். நோயுற்றவர் தனித்திருக்கக் காற்றோட்டமான அறை ஒன்றை ஒதுக்கலாம். "நோயைச் சொன்னால் சம்பளம் பிடிக்கப்படாது" என்னும் அறிவிப்பைத் தமிழ், மலாய், வங்காள மொழிகளில் பெரட்டுக் களத்தில் எழுதி வைக்கலாம். அந்த ஒரு வரி, பல சுவரொட்டிகள் செய்யாத நன்மையைச் செய்யும்.

பெற்றோர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மருந்து கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுதல் கூடாது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? நோயுற்ற அண்டை வீட்டாரைப் பழித்துப் பேசுவதும் கூடாது. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உணவின்றி வாடியோர் வீட்டு முன் வெள்ளைக் கொடி கட்டினர். அதனைக் கண்ட மலாய்க்காரர், சீனர், இந்தியர் எனப் பல இனத்தாரும் அரிசியும் பருப்பும் கொண்டு சென்று கொடுத்தனர். அந்த நல்லுணர்வு, நோயுற்ற வீட்டுக்கும் உரியதாகும். கதவருகில் வைத்துவிட்டு வரும் ஒரு சட்டி கஞ்சி, அடுத்த வீட்டாரையும் அச்சமின்றிச் சோதனைக்கு வரச் செய்யும்.

மாணவர்கள், கருவியிலுள்ள விளக்கத்தாளை வீட்டிலுள்ள பெரியோர்க்குப் படித்துக் காட்டலாம். கைப்பேசியில் மைசெஜாத்ரா போன்ற செயலிகளைத் திறக்கத் தெரியாத தாத்தா, பாட்டிக்கு உதவலாம். நோயிலிருந்து மீண்டு வரும் வகுப்புத் தோழனைக் கேலி செய்யாமல் அருகில் அமர்த்திக்கொள்ளலாம்.

கோவிட் தணிந்ததால் சோதனையின் தேவை தீர்ந்துவிடவில்லை. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிச் சோதனை செய்தல் வேண்டும். கடுங்காய்ச்சலும் உடல் வலியும் கண்டால் டிங்கிக்கான இரத்தச் சோதனை செய்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் அரசாங்கச் சுகாதார நிலையத்தை நாடலாம். நாளை வேறொரு பெருந்தொற்று வந்தாலும், இன்று நாம் பழகிக்கொண்ட வழக்கமே நம்மைக் காக்கும். மறைத்த நோய் வளரும். சொன்ன நோய் குறையும். சொல்பவரைத் தாங்கும் ஊராக நம் தோட்டம் விளங்கட்டும்.

மாணவர்களுக்குச் சில வினாக்கள்

1. ஒரு படி ஒவ்வொரு சுற்றிலும் இருமடங்கானால், பத்துச் சுற்றுகளுக்குப் பின் எத்தனை படிகள் இருக்கும்?

2. நூறு மாணவர்களைப் பத்துக் குழுக்களாகப் பிரித்துச் சோதித்ததில் இரண்டு குழுக்களில் நோய் தென்பட்டது. மொத்தம் எத்தனை சோதனைகள் தேவைப்படும்?

3. மால்கம் வாட்சன் குழந்தைகளின் மண்ணீரலைச் சோதித்தது ஏன்?

4. சோதனைக்கு வர மக்கள் தயங்குவதற்கான மூன்று காரணங்களைக் கூறி, அவற்றுள் ஒன்றை நீக்க உன் வகுப்பு செய்யக்கூடிய செயல் ஒன்றை எழுதுக.